உருண்டது நான், பூட்டு ஊருக்கா?

பேரூராட்சிச் செயல் அலுவலரும், என்ற அக்கா பெத்த மவனுமாகிய மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு, தாய்மாமன் செங்கோடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் எருமை, அதன் கன்று எல்லாரும் நலம். அவ்விடம் தங்கள் நலமும் தங்கள் நாற்காலியின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. சமுதாயக் கூடத்துக்குத் தாங்கள் பூட்டுப் போட்டு, "பொறுப்பான அலுவலர் உள்ளே இல்லாத நேரத்தில் பொதுமக்கள் நுழையக் கூடாது" என்று அட்டை தொங்கவிட்டிருப்பதைக் கண்டேன். எழுத்து அழகு. ஆனா மாப்ளே, அந்தப் பொறுப்பான அலுவலர் எங்கீங்க? காவக்காரன் வேலை காலியாகி, அவன் நாற்காலியில கோழி அடை படுத்திருக்குது. ஆள் கேட்டு மேல எழுதியிருக்கேன்னீங்க. குஞ்சு பொரிச்சு, அது வந்து வேலைக்குச் சேர்ந்தாத்தான் உண்டு.

அங்க பகல்ல தூங்கறவங்க ஆருன்னு உங்களுக்குத் தெரியாததா? ராத்திரி ஷிப்டு விசைத்தறி ஓட்டறவங்க. நம்மூர்ல ஊட்டுக்கு ஊடு தறி, பகல்லயும் தடதடன்னு செவுரே நடுங்கும். கூடம் ஒண்ணுதான் ஊருக்கு ஒதுக்கமா, வேப்பமரத்து நெழல்ல கெடக்குது. தரையில படுத்தாச் சில்லுன்னு இருக்கும், ஃபேன் மெதுவாச் சுத்தும், ஜன்னல் வெளிச்சம் தண்ணியாட்ட நகரும், தறிச் சத்தம் எங்கியோ பெய்யற மழையாட்டக் கேக்கும். பக்கத்தூட்டுக் கருப்பாத்தா படுத்ததும் கனவுல வால்பாறை மலையேறிருவா, எறங்கவே மாட்டா. நான் தறி ஓட்டலீங்க, கனவுக்குத்தான் போறது.

நான் உருண்ட அன்னிக்குக் கூடத்து மேடை மேல படுத்திருந்தேன், பக்கத்துல தறிக்கார ரசாக்கு. கனவுல பொள்ளாச்சிச் சந்தையில நிக்கறேன். மேகமாட்ட வெள்ளையா ஒரு காளை. தரகன் துண்டப் போட்டு மூடி விரலப் புடிச்சு வெலை பேசறான். கொறைச்சுக்கோன்னு நான் ஒரு விரல மடக்கறேன், அவன் நீட்டறான், நான் இழுக்கறேன். நெசத்துல அது ரசாக்கு விரலுங்க. "ஏனுங்ணா, கைய உடுங்க, நான் மாடு விக்கலீங்க"ன்னு அவன் ஒதறினான். நான் காளையோட மேடையில இருந்து கீழ உருண்டுட்டேன்.

முட்டி வீங்குனதோட சரி. நீங்க ஓடியாந்து, "நாளைக்கு ஒருத்தர் உழுந்து மண்டை ஒடைஞ்சா ஆரு மாமா பொறுப்பு? என்ற வேலையில்ல போயிரும்!"னீங்க. நாயந்தான். ஆனா உருண்டது நான், பூட்டு ஊருக்கா?

பூட்டுனதுல இருந்து கருப்பாத்தாளுக்கு ஒறக்கமில்ல. நேத்து தறி முன்னால நின்னவாக்குலயே சொக்கிப்போட்டா. முந்தானை தறிக்குள்ள போயிருச்சு. பக்கத்துத் தறிக்காரி சுச்ச அமுக்காட்டிக் கையும் போயிருக்கும். "அண்ணா, மலை வேண்டாம், கண்ண மூட எடம் இருந்தாப் போதும்"ங்கறா. அந்தக் கைக்கு ஆருங்க மாப்ளே பொறுப்பு? மேடையச் சுத்திக் கயிறு கட்டுங்க. என்னைய வேணாலும் கட்டிப் போடுங்க. சாவியோட ஒருக்கா நேர்ல வாங்க.

அக்காளுக்குக் கும்புடு. உங்க மவ கீதா கண்ணுக்கு ஆசீர்வாதம். பதவி உசந்து, தொப்பை கொறைஞ்சு நெம்ப நாள் நல்லா இருங்க.

இப்படிக்கு,
உருண்ட மாமன் செங்கோடன்

பி.கு.: மேல எழுதுனது ஒண்ணும் வேண்டாம் மாப்ளே, கிழிச்சுப்போடுங்க. கடுதாசிய மடிக்கறதுக்குள்ள நீங்களே சாவியோட வந்துட்டீங்க. கூடத்தத் தொறந்து, மேடை ஒசரம் அளக்கோணும்னு டேப்போட தரையில உக்காந்தீங்க. சில்லுன்னு இருந்துச்சாட்ட இருக்குது, "சித்த நேரம் மாமா"ன்னு சாஞ்சீங்க. இப்பக் கொறட்டை. அட்டையில போட்டபடி பொறுப்பான அலுவலர் உள்ள இருக்கறாருங்களே, அதனால எல்லாரையும் உள்ள உட்டுப்போட்டேன். நீங்க எந்திரிச்சாக் கெளம்பீருவீங்கன்னு ஆரும் இருமக்கூட இல்ல. இத உங்க சட்டைப் பையில வெக்கறேன். முழிப்பு வந்தாலும் அலுங்காமத் திரும்பிப் படுத்துக்கோங்க. கருப்பாத்தா இப்பத்தான் மலையேறியிருக்கறா.