உறவு பார்க்கப்படவில்லை

காலை ஏழு பதினாலுக்கு மைத்துனனின் விளம்பரம் தளத்தில் ஏறியது. ஏழு பதினைந்துக்கு ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டார்.

“யானை வரிசை, பன்னிரண்டு படம். நல்ல நிலை. விலை பேசிக்கொள்ளலாம்.”

பல் தேய்ப்பதை நிறுத்தினார்.

தீப்பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் படங்களைச் சேர்ப்பவர்களுக்கென்று ஓர் இணையதளம். அறுநூறு பேர். அதில் விற்பனைப் பகுதிக்குப் பதினோரு வருடமாக அவர்தான் கண்காணிப்பாளர். சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு அவர் எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. தளத்தில் எல்லாரும் அவரைத் ‘தராசு’ என்றே கூப்பிட்டார்கள். அவராக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. அதை யாரிடம் சொன்னாலும் சொல்லும்போது முதுகு நேராகிவிடும்.

விதிகள் மூன்று. விலையைச் சொல்ல வேண்டும். பொருளை விற்பவரே அன்றைக்கு எடுத்த புகைப்படம் இருக்க வேண்டும். அடுத்தவர் சொன்ன விலையைக் கேலி செய்யக் கூடாது. இந்தப் பதினோரு வருடத்தில் அவர் ஆள் பார்த்து நடந்தார் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

“உன் தம்பி விலை போடல,” என்றார் மனைவியிடம்.

“போன் பண்ணிப் போடச் சொல்லுங்க.”

“மத்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணியா சொல்றேன்?”

“மத்தவங்க வீட்டுலயா பொண்ணு எடுத்தீங்க?”

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து விளம்பரத்தை நீக்கினார்.

நீக்கிய பிறகுதான் யோசனை வந்தது. வழக்கமாகச் சத்தமில்லாமல் நீக்குவார். விதியை மீறியவருக்குத் தனியாக ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான். ஆனால் இது சொந்தம். சத்தமில்லாமல் செய்தால், நாளைக்கு ஒருவன், “மச்சானுக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அலுவலகத்தில் அவர் கற்றது ஒன்று உண்டு. காகிதத்தில் கொடுக்காத நோட்டீஸ் நோட்டீஸே அல்ல.

அன்று சாயங்காலம் கெட்டியான வெள்ளைத் தாளில் நோட்டீஸ் தயாரானது. மேலே ஒரு சின்னத் தராசு. வரிசை எண், தேதி, மீறிய விதி, காரணம். பச்சை மையில் கையெழுத்து. கையெழுத்தின் மேல் பாதி ஏறினாற்போல் வட்ட முத்திரை. முத்திரையை ரப்பர் ஸ்டாம்புக் கடையில் நின்று வெட்டச் சொல்லி வாங்கி வந்தார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: உறவு பார்க்கப்படவில்லை.

தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதன் புகைப்படத்தைத் தளத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டார். போட்டுவிட்டுத் தானும் நாலு முறை பார்த்தார்.

மூன்றாம் நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டைச் சத்தத்தோடு வைத்தாள்.

“எங்கம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. வட்ட முத்திரையப் பாத்துட்டு, என் தம்பி யாரையோ அடிச்சுட்டான்னு அழுதிருக்காங்க.”

“படிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே.”

“படிச்சாங்க. அதுக்கப்புறம்தான் நிறைய அழுதாங்க.”

“ஏன்?”

“மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டிருக்காரேன்னு.”

மைத்துனன் சண்டைக்கு வரவில்லை. போனில், “சரி அத்தான், தப்பு என்னுதுதான்,” என்றான். நியாயத்தைப் பளிச்சென்று செய்தால் யாருக்கும் புரியும் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பு ஒரு நாள்தான் நீடித்தது.

மறுநாள் விலை இல்லாமல் இரண்டு விளம்பரங்கள் வந்தன. அதற்கடுத்த நாள் ஐந்து. அவர் நீக்கினார், வழக்கம்போல ஆளுக்கு ஒரு வரி எழுதினார். உடனே ஒரு பேருந்து ஓட்டுநர் எல்லாரும் பார்க்கும்படி எழுதினார்:

“மைத்துனருக்கு முத்திரை போட்ட தாள். எங்களுக்கு ஒரே ஒரு வரி. இது ஆள் பார்ப்பது இல்லையா?”

பதினோரு வருடத்தில் முதல்முறை. ஆய்வாளருக்கு அன்று சோறு இறங்கவில்லை. யோசிக்க யோசிக்க ஓட்டுநர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு பேருக்கும் தாள் அடித்தார், முத்திரை குத்தினார், பதிவுத் தபாலில் அனுப்பினார். இனி யார் மீறினாலும் இதே நோட்டீஸ் என்று அறிவித்தார்.

அடுத்த வாரம் இருபத்திரண்டு பேர் மீறினார்கள்.

தளத்தைத் தொடங்கிய பல் டாக்டர் போன் செய்தார்.

“என்ன தராசு, விற்பனைப் பகுதியில பொருளவிட உங்க நோட்டீஸ்தான் அதிகமாத் தெரியுது.”

“கோவத்துல பண்றாங்க டாக்டர். நோட்டீஸ் கடுமையா இருக்கோ என்னவோ.”

“கடுமைன்னு இல்ல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. வேற கலர் எதாவது யோசிக்கலாமே.”

ஆய்வாளர் யோசித்தார். டாக்டர் சொன்னதற்கு உள்ளே ஒரு உண்மை இருப்பதாகப் பட்டது. விலை போட மறந்தவனுக்கும் அடுத்தவனைக் கேலி செய்தவனுக்கும் ஒரே தாள் கொடுப்பது நியாயமா? விதிக்கு ஒரு நிறம் வைத்தார். விலை இல்லாததற்கு வெள்ளை. புகைப்படம் இல்லாததற்கு மஞ்சள். கேலிக்கு ரோஸ்.

பேருந்து ஓட்டுநர் திங்கட்கிழமை புகைப்படம் இல்லாமல் விளம்பரம் போட்டார். செவ்வாய்க்கிழமை ஒருவருடைய விலையைக் கேலி செய்தார். முதல் வாரத்திலேயே வெள்ளை வாங்கியவர். மூன்று விதியில் ஒன்றைக்கூட அந்த மனிதர் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் புதன்கிழமையிலிருந்து தங்கமாக மாறிவிட்டார். விலை, புகைப்படம், மரியாதை எல்லாம் கச்சிதம்.

“பாத்தியா, மூணே நோட்டீஸு. ஆள் திருந்திட்டான்,” என்றார் மனைவியிடம்.

“மீதி ஐநூத்திச் சொச்சம் பேரையும் இப்படியேதான் திருத்தப் போறீங்களா?” என்றாள் அவள். அப்போது அவள் உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். தம்பி விஷயத்தில் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் ஒட்டினால் உறை கோணலாகிவிடும், அதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

பல் டாக்டரே ஒருநாள் ஒருவருடைய விலையைப் பார்த்து, “இந்த விலைக்கு நான் ரெண்டு பல் கட்டிவிடுவேன்” என்று எழுதிவைத்தார். தளமே அவருடையது. ஆய்வாளர் விதிகளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு ரோஸ் தாளை எடுத்தார்.

“எனக்கும் அனுப்பிட்டீங்களே,” என்று டாக்டர் போனில் சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஆய்வாளர் வருந்தினார். பெருமையும் பட்டார். எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

திருத்தத் திருத்தப் பிசகியது. ஒரு நூலகர், முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது, இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எழுதினார். சட்டப்படி சரியான கேள்வி. முத்திரை தெளியாத தராசை அவரே எத்தனை கடையில் ஒதுக்கி வைத்திருக்கிறார். புதிதாக ஒன்று அடித்து அனுப்பினார். மறுநாள் பதினாலு பேர் முத்திரை சரியில்லை என்றார்கள்.

அவசரத்தில் ஒன்பது நோட்டீஸில் முப்பத்தியொன்றாம் தேதி போட்டுவிட்டார். அந்த மாதத்துக்கு முப்பது நாள்தான். பதினோரு வருடத்தில் அவர் செய்த ஒரே தவறு அது. உடனே அறிவித்தார்: “ஒன்பது பேரும் திருப்பி அனுப்பவும். பதிலுக்குச் சரியான நோட்டீஸ் தரப்படும்.”

ஒருவரும் அனுப்பவில்லை. தொலைந்துவிட்டது என்று ஒன்பது பேரும் எழுதினார்கள்.

“ஒரே வாரத்துல ஒம்பது பேரும் தொலைச்சிருக்காங்க,” என்றார். “என் கையெழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.”

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அன்று மட்டும் தம்பி பேச்சை எடுக்காமல் இருந்தாள்.

கடைசி அடி தையல்காரம்மாவிடமிருந்து வந்தது. ஒன்பது வருட உறுப்பினர். அவர் போடும் விளம்பரத்தைத்தான் ஆய்வாளர் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார். இப்போது அந்த அம்மாவே எழுதியிருந்தார்: “ரயில் வரிசை, ஆறு படம். விலை பிறகு.”

வேலை முடிந்து திரும்பும் வழியில் ஆய்வாளர் அவருடைய கடையில் ஏறினார். தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

“நீங்களுமாம்மா?”

“ஆமா சார். தப்புதான்.”

ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“இப்பவே விலையப் போட்டுடுங்க. நான் இன்னும் பாக்கலன்னு வெச்சுக்கறேன்.”

தையல்காரம்மா பதறிப்போனார்.

“ஐயோ வேணாம் சார். டாக்டருக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணான்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க. நோட்டீஸே அனுப்பிடுங்க.”

“சரி, கையோட எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

“தபால்லயே வரட்டும் சார். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

ஆய்வாளர் படியிறங்கியபோது கண் கலங்கியிருந்தது. அறுநூறு பேரில் நியாயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தண்டனை கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று வழி நெடுக நொந்துகொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, முத்திரை ஒரு பொட்டு சிதறாமல் விழும்வரை நாலு தாளை வீணாக்கினார்.

அதன் பிறகு கறாராக ஒரு முடிவு எடுத்தார். “ஒன்றாம் தேதி முதல் நோட்டீஸ் கிடையாது. மீறுபவர் தளத்திலிருந்து நேராக நீக்கப்படுவார்.”

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் எழுபத்தியொரு பேர் விதியை மீறினார்கள். இதுவரை ஒரு விளம்பரமும் போடாதவர்கள்கூட முதல் விளம்பரத்தைத் தப்பாகப் போட்டார்கள். தையல்காரம்மாகூட மீதி இரண்டு விதியையும் மீறினார். ஆய்வாளரின் விரல் பச்சையாகி, சோப்புக்குப் போகாமல் நின்றது.

“தபால்காரர் கேக்குறாரு,” என்றாள் மனைவி, “வீட்டுக்குள்ள என்ன ஆபீஸ் நடக்குதுன்னு.”

“நடக்கல. இழுத்து மூடப் போறேன்.”

அவள் பசைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

“பதினோரு வருஷமா ஒத்தப் பைசா வாங்காம பாத்திருக்கீங்க.”

“பாத்து என்ன? ஒரு விதிய மதிக்க வைக்க முடியல. ராஜினாமாதான்.”

வருடாந்திரக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, நூலகத்தின் மாடி அறையில். ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் பாதியில் போய்விடுவார்கள். இந்த வருடம் கீழே இருந்தும் நாற்காலி எடுத்து வரும்படி ஆனது. எண்பது பேராவது இருக்கும். எல்லாரும் வழக்கம்போல ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தூக்கத்தான் இத்தனை பேர் திரண்டிருக்கிறார்கள் என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு இடம் கொடுக்காமல் தானே இறங்கிவிட வேண்டும். தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

மனைவியும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வர வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

“எங்க வீட்டு மாப்பிள்ளைய நாலு பேர் பேசறப்ப நான் வீட்டுல உக்காந்திருக்கவா?” என்று கேட்டிருந்தாள்.

டாக்டர் பேச வாய் திறப்பதற்குள் ஆய்வாளர் எழுந்தார். உறையைப் பிரித்தார். இதற்கென்று நீலத் தாள் வாங்கியிருந்தார், விதிகளின் நிறத்தோடு கலந்துவிடக் கூடாது என்று. படித்தார்.

“பதினோரு வருடம் இந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டேன். விலை கேட்டேன், புகைப்படம் கேட்டேன், மரியாதை கேட்டேன். மைத்துனனுக்கும் தளத்தைத் தொடங்கியவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தேன். எவரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் என் நோட்டீஸைக் கண்டு ஒருவரும் விதிக்கு அஞ்சவில்லை. ஆகவே விலகுகிறேன். உறவு பார்க்கப்படவில்லை.”

மேசையில் குனிந்து பச்சை மையில் கையெழுத்திட்டார். முத்திரையை எடுத்து, மூச்சைப் பிடித்துக் குத்தினார். முழு வட்டமாக விழுந்தது. அது போதும் என்றிருந்தது. தலையை நிமிர்த்தினார்.

பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று மேசையில் கிடந்த தாளையே பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதையே பார்த்தார். மனைவி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

தையல்காரம்மா எழுந்தார். மடியிலிருந்த ஆல்பத்தை விரித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கண்ணாடித் தாளுக்குள் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று வரிசையாக வட்ட முத்திரைகள். ஓரத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

“சார், கெஞ்சினாலும் தரமாட்டீங்க, காசு குடுத்தாலும் தரமாட்டீங்க, நெஜமாவே தப்பு பண்ணினாத்தான் தருவீங்கன்னு நாங்க எல்லாரும் எவ்வளவு கஷ்டப்பட்டு இத சேத்திருக்கோம் தெரியுமா,” என்றார். “இந்த நீலம் கெடைக்கணும்னா எந்த விதிய மீறணும்?”