ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை

கொச்சி உலகத்துக்குக் கொடுத்த கொடைகள் மூன்று: மிளகு, சுக்கு, சுயசார்பு. முதல் இரண்டையும் உலகம் தின்று தீர்த்துவிட்டது. மூன்றாவது, எழுபத்தாறாம் வருஷம் மட்டாஞ்சேரியில், எங்கள் முதலாளி வெங்கிடேஸ்வரன் அவர்களின் வீட்டு முற்றத்தில், ஓர் அம்பாசடர் காரின் வயிற்றுக்கு அடியில் பிறந்தது. அது பிறந்த நேரத்தில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவுக்கு டார்ச் பிடிப்பதும் உத்தியோகத்தில் சேர்த்தி.

காருக்கு வந்த நோய் எளியது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்க ஒரு தகரத் தொட்டி உண்டு. சம்ப் என்பார்கள். தொட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே கார்க்கில் ஒரு பேக்கிங். அந்தப் பேக்கிங் செத்துப்போய், கார் போன இடமெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்தது. முதலாளி யார் வீட்டுக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை ஊரே தரையைப் பார்த்துச் சொல்லிவிடும் நிலைமை.

டிரைவர் சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர். கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் மனைவி பேச்சியம்மாளோடு குடியிருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மொதலாளி, நம்ம மொய்துக்கா வர்க்‌ஷாப்புல ஒரு நாள் விட்டாப் போதும். பேக்கிங்கை மாத்திக் கொடுத்துருவாரு."

அப்போது அவசரநிலை. பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொல்லிச் சுவருக்குச் சுவர் எழுதியிருந்தார்கள். ஆகவே நாங்கள் அதைப் பற்றி அன்று மாலை முழுவதும் பேசினோம். வீட்டு வராந்தாவில் கூட்டம். தலைவர் முதலாளி. "தொழில்நுட்ப ஆலோசகர்" அவருடைய மைத்துனர் வெங்கிடாசலம். வெங்கிடாசலத்துக்கு இந்தப் பதவி சும்மா வந்துவிடவில்லை. அவர் ஓர் என்ஜினீயரிங் காலேஜில் லைப்ரரியன். என்ஜின் பற்றிய புத்தகங்களைப் பத்து வருஷமாகத் தூசி தட்டியவர்.

"வர்க்‌ஷாப்புக்குப் போறதாவது! தேசம் சொந்தக் கால்ல நிக்கறது. நான் மட்டும் மொய்து கால்ல நிக்கணுமா?" என்றார் முதலாளி. "நம்மாத்து வண்டியை நம்மாத்துலயே, நம்ம கையாலேயே சரி பண்ணுவோம்."

"சம்ப்ங்கறது ஒரு பாத்திரம், அத்திம்பேர். அவ்வளவுதான். பாத்திரத்தைக் கழட்டி மாட்டத் தெரியாதவன் உண்டோ?" என்றார் வெங்கிடாசலம்.

"உனக்குக் காபி டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியல்லியே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளியின் மனைவி காமாக்ஷியம்மாள். அவர் கூட்டத்தின் உறுப்பினர் அல்ல என்பதால் அந்தக் குறுக்கீடு "பதிவாகவில்லை".

தீர்மானம் நிறைவேறியது. நிறைவேறிய சூட்டில் முதலாளிக்கு இன்னொரு தத்துவமும் உதித்தது. வண்டியைத் தானே பழுது பார்ப்பவன் தானே ஓட்டவும் வேண்டாமா? அவர் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"சங்கரலிங்கம், நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"என்ன மொதலாளி, நான் எதும் தப்பு செஞ்சேனா?"

"சேச்சே. உன்னையும் சுயசார்பு உள்ளவனா ஆக்கறேன். இனிமே நீ யாரையும் நம்பிப் பிழைக்க வேண்டாம் பாத்துக்கோ."

சங்கரலிங்கம் சாவியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நன்றி சொல்ல வார்த்தை கிடைக்காமல்தான் நின்றார் என்று முதலாளி எங்களுக்கு விளக்கினார். ஷெட்டில் இருந்துகொள்ளலாம் என்று கருணையோடு சொல்லியும் அனுப்பினார். மறுநாள் முதல் சங்கரலிங்கம் பஜாரில் சுக்கு மூட்டை தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை "அறுவை சிகிச்சை". கார் செங்கல் அடுக்கின் மேல் ஏறியது. முதலாளி பழைய வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். வெங்கிடாசலம் ஈஸிசேரில் சாய்ந்தபடி புத்தகத்திலிருந்து உரக்க வாசித்தார். நான் டார்ச். முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும் என்றது புத்தகம். எதில் வடிப்பது என்று சொல்லவில்லை. அடுக்களையில் பெரிய வெண்கல உருளி கண்ணில் பட்டது.

காமாக்ஷியம்மாள் பின்கட்டிலிருந்து வந்து பார்த்தபோது, கல்யாணச் சீராக வந்த உருளி நிறையக் கறுப்பு எண்ணெய்.

"ஏன்னா, இது என்னதாக்கும்?"

"விஞ்ஞானம், காமு."

"நன்னாயிருக்கு. இனிமே இதுல பாயசம் வெச்சா உங்க பிஸ்டனுக்குத்தான் நைவேத்யம்."

போல்ட்டுகளைக் கழற்றினார்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்டினார்கள். அதற்குத் தேங்காய்த் துருவி பயன்பட்டது. சம்பைத் துடைத்தார்கள். புதுப் பேக்கிங்குக்குப் பசை தடவி ஒட்டி, சம்பைத் தூக்கிப் பிடித்து, மறுபடி போல்ட்டுகளை முறுக்கினார்கள். இந்த வாக்கியத்தைப் படிக்க உங்களுக்கு எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. முதலாளிக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் வெளியே வந்தபோது முகமும் மீசையும் ஒரே நிறம். வெங்கிடாசலம் புத்தகத்தை மூடினார். காபி வந்துவிட்டது. மூடிய புத்தகத்தில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

மறுநாள் காலையில் "சோதனை". காருக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்தோம். காத்திருந்தோம். துணியில் ஒரு பொட்டு இல்லை. இன்னும் காத்திருந்தோம். துணி தும்பைப்பூவாக இருந்தது.

"ஒரு சொட்டு?" என்றார் முதலாளி, காருக்கு அடியில் குனிந்தபடி.

"ஒரு சொட்டுகூட இல்லை அத்திம்பேர்!"

"மொய்து மாத்தினாக்கூடக் கொஞ்சம் கசியும் ஓய்!"

அது உண்மை. உலகத்தின் எந்த வர்க்‌ஷாப்பும் இவ்வளவு வறட்சியை உண்டாக்கியதில்லை. நான் கைதட்டினேன். குமாஸ்தாவின் கை வேறு என்ன செய்யும்?

அன்றைக்கே ஐலண்டு ஸ்டேஷனுக்குப் பம்பாய் வியாபாரி ஒருவர் ரயிலில் வந்து இறங்குகிறார். அந்த வருஷத்து மிளகு முழுவதையும் எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. முதலாளி அவரைத் தானே பழுது பார்த்த காரில், தானே ஓட்டிப்போய் அழைத்துவரக் கிளம்பினார். பக்கத்தில் வெங்கிடாசலம். பின்சீட்டில் மாலையோடு நான்.

ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை.

"இது என்னடா வெங்கிடாசலம்?"

"புதுப் பேக்கிங்கை என்ஜின் ஏத்துண்டுடுத்து, அத்திம்பேர். அதுக்கு அடையாளமாக்கும்."

தோப்பும்படியில் தீவுக்குப் போகும் பாலத்தை நெருங்கும்போது என்ஜின் டக் டக் என்றது. "உற்சாகமா இருக்கு" என்றார் முதலாளி. பாலத்தின் ஏற்றத்தில் அந்த உற்சாகம் உரலில் இரும்பை இடிப்பதுபோல ஆயிற்று. நட்ட நடுப்பாலத்தில் "க்ரீச்" என்று ஓர் அலறல். பிறகு மௌனம். பானெட்டிலிருந்து புகை. எண்ணெயே இல்லாத என்ஜின் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டு, ஒரே இரும்புக் கட்டியாகி, பிரேக்கும் கியரும் கேட்காமல் நின்றுவிட்டது.

குறுகிய பாலம். முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் ஹாரன். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு காரிலிருந்து வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் பொறுமை இழந்து இறங்கி வந்தார். சட்டைக் கையை மடக்கினார். லாரிக்காரர்களோடு தோள் சேர்த்து எங்கள் காரை ஓரம் தள்ளினார். ஒரு லாரிக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்து, எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை என்றார். வெள்ளை உடுப்புக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சாவு வண்டியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரோடு வந்தவர் எங்கள் முதலாளியை அடையாளம் கண்டுகொண்டார். எங்களுக்குப் போட்டியான மிளகுக் கம்பெனிக்காரர். ஸ்டேஷனில் காத்துக் காத்து நின்ற பம்பாய்க்காரரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இவர்தானா அவர்?" என்றார் வெள்ளை உடுப்பிலிருந்த பம்பாய்க்காரர். "காருக்கு எண்ணெய் ஊற்றாதவர் மிளகில் என்னென்ன விட்டுவைப்பார்!"

எங்கள் மிளகு வியாபாரம் அந்தக் காரில் ஏறிப் போயிற்று.

இப்படி ஒரு பேரிழப்பு நேர்ந்தால் விசாரணை இல்லாமல் இருக்குமா? மறுநாளே அதே வராந்தாவில் விசாரணைக் குழு. நீதிபதி முதலாளி. நிபுணர் வெங்கிடாசலம். சாட்சி நான். சுக்குத் தூசி படிந்த தலையோடு சங்கரலிங்கம் வந்து நின்றார்.

"புது எண்ணெய் ஊத்தறது யாரோட வேலை?" என்றார் நீதிபதி.

"டிரைவரோட வேலை" என்றார் நிபுணர்.

"டிரைவர் யாரு?"

"சங்கரலிங்கம்."

"மொதலாளி, அன்னைக்கு நான் இங்க இல்லையே" என்றார் சங்கரலிங்கம்.

"அதேதான் குற்றம்! எண்ணெய் ஊத்தவேண்டிய நேரத்துல நீ எங்கே போனே?"

"நீங்கதானே மொதலாளி வர வேண்டாம்னு சொன்னீக?"

"வர வேண்டாம்னுதான் சொன்னேன். எண்ணெய் ஊத்த வேண்டாம்னு சொன்னேனா?"

உள்ளேயிருந்து காமாக்ஷியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஊத்த மறந்தது நீங்க ரெண்டு பேரும். அந்த எண்ணெய் உருளியைத் தூக்கிண்டு வரட்டுமா, அதுல மூஞ்சியைப் பாத்துக்கறேளா?"

இதுவும் பதிவாகவில்லை.

தீர்ப்பு: சங்கரலிங்கம் கடமை தவறியவர்; வேலைநீக்கம். இங்கே சட்டச் சிக்கல் ஒன்று எழுந்தது. வேலையில் இல்லாதவரை நீக்குவது எப்படி? முதலாளி அசரவில்லை. அவரை அந்த நிமிஷமே மறுபடி வேலைக்கு எடுத்தார். சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. மலர்ந்து முடிவதற்குள் நீக்கினார். கடமை தவறியவருக்குக் கம்பெனி ஷெட்டில் இடமில்லை என்பதால் அதையும் காலி செய்யச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனபோது, வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சங்கரலிங்கம் மட்டும் பழக்கதோஷத்தில் காரின் கண்ணாடியைத் துண்டால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கிளப்பில் முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தி, "சுயசார்புச் செம்மல்" பட்டம் கொடுத்தார்கள். வாழ்த்துரை வழங்கும் பாக்கியம் எனக்கு. நான் சொன்னதெல்லாம் சத்தியம். போல்ட்டைத் தானே கழற்றினார், பேக்கிங்கைத் தானே மாற்றினார், எண்ணெயைத் தானே மறந்தார், காரைத் தானே கொன்றார், தீர்ப்பையும் தானே எழுதினார். பழியைச் சுமப்பது ஒன்றுதான் அவருக்குத் தானே செய்ய வரவில்லை; அதற்கு மட்டும் டிரைவர் வைத்துக்கொண்டார்.