இன்னாசி சாருக்கு நான் செய்த முதலுதவி

கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும், பதில் தானாகப் புரிந்துவிடும் என்று அறுபத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

ஓய்வு பெற்ற பின், 2010 வாக்கில், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. (பஞ்சு உருண்டைகளைக்கூட எண்ணி வைப்பேன். நர்ஸம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.) அப்போது தகட்டை அழுத்தி வடிவமைக்கும் புது பிரஸ் மெஷினைப் பொருத்த ஸ்பெயினிலிருந்து இக்னாசியோ என்ற இன்ஜினியர் வந்தார். எங்கள் ஆட்கள் இரண்டே நாளில் அவரை 'இன்னாசி சார்' ஆக்கிவிட்டார்கள்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்த மனிதருக்கு அடிபட்டால்? ஆங்கிலம் பேசுவார்தான். ஆனால் வலியில் தாய்மொழிதானே வரும்? பென்னலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் முதலுதவிக் கேள்விகளைக் கேட்டு, அந்த உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். மொத்தம் இருபத்தேழு. கம்பெனி பஸ்ஸிலும் வீட்டிலுமாகப் பத்தொன்பது நாள் மனப்பாடம். "தோந்தே லே துவேலே?" என்றால் எங்கே வலிக்கிறது. "ரெஸ்பிரா?" என்றால் மூச்சு விடுகிறாரா.

"யாரத் திட்டிக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி.

இருபதாம் நாள் காலை, பதினொன்று பத்துக்கு, பிரஸ் பக்கமிருந்து கூச்சல். நர்ஸம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ஓடினேன். இன்னாசி சார் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கிரீஸ் படிந்த கறுப்புக் கையுறையோடு வலது கையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். நான் எங்கே கையைப் பார்த்தேன்? முதல் கேள்வி மறந்துவிடக்கூடாதே என்று மேலே பார்த்தபடி கேட்டேன்.

"தோந்தே லே துவேலே?"

அவர் கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. "லா மனோ! லா மனோ!"

திக்கென்றது. மனோ எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர்.

"மூச்சா சாங்ரே!"

சங்கர்! ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சங்கர். அவனுக்கு மூச்சு என்னமோ ஆகிவிட்டது. மெஷினுக்குள் இரண்டு பேர்! "ரெஸ்பிரா?" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "சீ, சீ" என்றார்.

சீச்சீயா? மூச்சு இருக்கிறதா என்று கேட்பதே அசிங்கம் என்னும் அளவுக்கா முடிந்துபோய்விட்டது? சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். லைன் நின்றது. "மனோவும் சங்கரும் உள்ள மாட்டிக்கினாங்க!" என்று கத்தினேன். நாற்பத்து மூன்று பேர் மெஷினைச் சுற்றிக் குனிந்து தேடினார்கள். ஒருவர் அழவே ஆரம்பித்துவிட்டார். நான் தலைகளை எண்ணினேன். இரண்டு குறைந்தது.

கேன்டீன் வாசலிலிருந்து சங்கர் கையில் வடையோடு வந்தான். "இன்னா சார், நான் செத்துட்டேன்னு சொல்லிக்கினு கீறானுங்க?"

பின்னால் வந்த மனோ திருநெல்வேலிக்காரர். "சார், அங்கன என்னத்தத் தேடுதீய? அவரு கையப் பாருங்க, ரத்தமாக் கொட்டுது!"

கையுறையின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சின்னக் குட்டையே தேங்கியிருந்தது. மனோதான் கையை உயர்த்திப் பிடித்துத் துணியால் அழுத்தினார். நான் பஞ்சு எடுக்க ஓடினேன். (எண்ணித்தான் எடுத்தேன். அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.)

ஏழு தையல். "இன்னும் லேட் பண்ணியிருந்தா விரல் போயிருக்கும்" என்றார் டாக்டர். நான் வீணாக்கியது ஆறு நிமிடம். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இன்னாசி சார் கட்டுப்போட்ட கையோடு ஆங்கிலத்தில் விளக்கினார். மனோ என்றால் கை. சாங்ரே என்றால் ரத்தம். மூச்சா என்றால் நிறைய. சீ என்றால் ஆமாம்.

"இதை அப்போதே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள் ஸ்பானியத்தில் கேட்டீர்கள். உங்களுக்கு மொழி தெரியும் என்று நினைத்துவிட்டேன்."

நாலு வருஷம் கழித்துப் பேரன் பிறந்தான். மருமகள் வீட்டில் சங்கர் என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். என் மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"வேணாம்மா. புள்ள அழுவ சொல்ல நாம 'சங்கரு, சங்கரு'ன்னு கூப்ட்டா, இவரு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிடுவாரு."

வேறு பெயர்தான் வைத்தார்கள். வைப்பதற்கு முன், அதற்கு ஸ்பானியத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று என் மகன் ஒருமுறைக்கு இருமுறை தேடிப் பார்த்தான்.