எப்படி அடித்தாலும் விழும் பந்து

மேலதிகாரி எந்த விளையாட்டை ஆடுகிறாரோ அதுவே உடம்புக்கு நல்லது என்பது அந்த அலுவலகத்தின் நெடுநாள் மரபு. முந்தைய இயக்குநர் காலத்தில் பூப்பந்து நல்லதாக இருந்தது. புதியவர் கோல்ஃப் பிரியர் என்று தெரிந்த வாரமே பூப்பந்து மட்டைகள் பரணேறின. ஊழியர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் மூட்டுவலி கண்டு, அதற்குக் கோல்ஃப்தான் மருந்து என்றும் தெளிவாயிற்று.

கண்காணிப்பாளர் ஒரு படி மேலே போனார். துணை இயக்குநர் நாற்காலி காலியாகக் கிடந்தது. பல வருஷமாக அதைக் கனவில் துடைத்து வந்தவர் அவர். ஆகவே மொட்டைமாடியில் செயற்கைப் புல் விரித்து, நடுவே ஒரு குழி வைத்து, ஞாயிற்றுக்கிழமை பந்து தள்ள வரும்படி இயக்குநரை அழைத்துவிட்டார்.

புல்லை ஆய்வு செய்ய வீட்டிலேயே குழு அமைந்தது. தலைவர் அவர். உறுப்பினர் மனைவி. கடைக்காரர் மாதிரித் துண்டுகளோடு வந்தார்.

"இது குட்டைப் புல் சார். அடிச்ச பக்கம் நேரா ஓடும்."

"இயக்குநர் தப்பா அடிச்சா?"

"தப்பாத்தான் போகும்."

"நிராகரிக்கப்படுகிறது. அடுத்தது?"

"இது அடர்த்தி ஜாஸ்தி. பந்து பாதியில நின்னுடும்."

"அவர் பந்தை நிறுத்துற அதிகாரத்தைப் புல்லுக்கு யாருய்யா குடுத்தது?"

கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

"எப்படி அடிச்சாலும் குழியில விழணும்."

"அட, இதுக்கு எதுக்குங்க புல்லைப் போட்டு நோண்டுறீங்க?" என்றாள் மனைவி. "அடியில மணலைக் கொட்டி, சுத்தி மேடாக்கி, நடுவுல பள்ளமாக்குங்க. வாஷ்பேசின்ல எலுமிச்சம்பழம் போட்டா வேற எங்க போகும்?"

குழு இதை ஏகமனதாக ஏற்றது.

இயக்குநர் புதுத் தொப்பியோடு வந்தார். முதல் அடியிலேயே பந்து சுவர்ப்பக்கம் ஓடி, மேட்டில் தயங்கி, திரும்பி வந்து குழிக்குள் விழுந்தது.

"பார்த்தீங்களா, கைப்பக்குவம்! இப்போ நீங்க அடிங்க."

குழு இதை யோசிக்கவே இல்லை. கண்காணிப்பாளர் தோற்றுவிடப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அடித்தார். விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அதுவும் விழுந்தது. காபித் தட்டோடு வந்த மனைவியின் கால் பட்டு உருண்ட பந்தும் அதே குழியில் போய்ச் சேர்ந்தது.

இயக்குநர் தொப்பியைக் கழற்றினார். "என்னய்யா இது? யார் அடிச்சாலும் விழுது?"

நாற்காலி கைநழுவிப் போவதைக் கண்காணிப்பாளர் கண்ணால் கண்டார். மனைவிதான் சொன்னாள்: "உங்களுக்காகத்தாங்க பள்ளம் பண்ணினோம்."

இயக்குநர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் நம்ம துறைச் செயலாளர் எங்க வீட்டுக்கு வர்றார். இதே பள்ளம் அங்கேயும் வேணும். நாற்காலியைப் பத்திக் கவலைப்படாதீங்க."

செயலாளரின் பந்தும் தப்பாமல் விழுந்தது. அந்தத் தெம்பில் அவர் நிஜ மைதானத்தில், நிஜப் புல்லில், நாலு பேர் பார்க்க ஆடப்போனார். பந்து குழியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உடனே விசாரணைக்குழு அமைந்தது. தலைவர், புதிய துணை இயக்குநராகிவிட்ட நம்மவர். அவர் முடிவு சுருக்கமானது: குறை பந்தில் இல்லை, அடித்தவரிடம் இல்லவே இல்லை, இயற்கைப் புல் தகுதியற்றது.

பூங்காக்களில் புல்லைப் பிடுங்கியபோது ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பெரிய மனிதர் வீட்டு மாடியெல்லாம் இப்போது பள்ளம்தான் என்று கேள்விப்பட்டதும், முணுமுணுத்தவர்களே கடைக்காரர் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஊரில் பள்ளமில்லாத மாடியே இல்லை.

அப்புறம் மழை வந்தது.

துணை இயக்குநர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு, குறி தப்பாமல், அவர் வழுக்கையில் விழுந்தது.

"என்னங்க, ஒழுகுது," என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுல?"

"ஊரே வாளி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

துணை இயக்குநர் நிம்மதியாகத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நம்ம மேல தப்பில்ல. மழையைத்தான் விசாரிக்கணும்."