பன்னிரண்டாவது கிலோமீட்டர் சூரியகாந்தி

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது போயிருக்கணும். நானே வந்து பார்ப்பேன்," என்றார் பொறியாளர் போனில். "இருந்துச்சுன்னா நீங்க பழையபடி தண்ணி லாரிக்கே போயிடலாம்."

மேற்பார்வையாளர் பதவிக்கு வந்து மூன்றே மாதம். அதற்கு முன் பதினாறு வருடம் லாரி ஓட்டி, நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இருந்த அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். இப்போது தண்ணீரைக் கவனிப்பது, களையெடுக்க வைப்பது, வண்டி ஏறி நசுங்கிய இடங்களில் புதுக்கன்று நடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பதவிக்காக மனைவி எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்று இன்னும் உறையிலேயே இருந்தது.

போக வேண்டிய 'அது' ஒரு சூரியகாந்தி. எருவோடு வந்த விதையில் முளைத்திருக்க வேண்டும். நடுத்திட்டில் எந்தச் செடியும் தோளுயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இது இரண்டு ஆள் உயரம். பூ மட்டும் லாரி ஸ்டியரிங் அளவு.

பூத்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. பூத்த அன்றே வெட்டத்தான் போனார். அண்ணாந்து பார்த்ததும் அரிவாள் பிடித்த கை தாழ்ந்துவிட்டது. தான் பதினாறு வருடம் தண்ணீர் ஊற்றிய திட்டிலா இப்படி ஒன்று வந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெட்டலையா தம்பி?" என்றாள் களையெடுக்கும் அக்கா.

"நாளைக்கு வெட்டுவோம்க்கா."

"நாளைக்கும் இப்படித்தான் நிப்பீங்க. நானே காலையிலேருந்து நிக்கிறேன்."

அவர்கள் இருவர் மட்டும் நின்றிருந்தால் தேவலை. இருபது கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத அந்தச் சாலையில், போகிற வண்டியெல்லாம் ஓரங்கட்டியது. ஓட்டுநர்கள் இறங்கி வாயைப் பிளந்தார்கள். புகார் பொறியாளருக்குப் போனது.

மேற்பார்வையாளர் ஒரு பலகை வைத்தார்: 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.' அதைப் படிக்க நிறுத்தினார்கள்.

பூவைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார். ஒரு காரிலிருந்து இறங்கியவர், "சிலையா சார்? திறப்பு விழா எப்போ?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஒன்பது கார்கள்.

வலையை அவிழ்த்துவிட்டு, "கொடியை ஆட்டி எல்லாரையும் போகச் சொல்லுங்கக்கா," என்றார். கருவிப் பெட்டியில் இருந்தது சிவப்புக் கொடி மட்டும்தான். அக்கா அதை ஆட்டினாள். பஸ்கூட நின்றது.

இந்த அமளியில் நர்சரிக்காரர் வேறு கூப்பிட்டார். "நாப்பது அரளிக்கன்னு எடுத்து வச்சிருக்கேன். மாசாமாசம் வந்து அள்ளிட்டுப் போவீங்க, இந்த மாசம் ஆளையே காணோமே?"

"இங்க ஒத்தைச் செடி உயிரை வாங்குது. நாப்பதுக்கு எங்க போக?" என்று போனை வைத்தார்.

வியாழக்கிழமை மாலை மனைவியே வந்துவிட்டாள். "ஒரு பூவுக்காகவா வேலையை விடுவீங்க?" என்று தொடங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "பழைய காக்கிச் சட்டையைத் துவைச்சு வைக்கிறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை பொறியாளரின் ஜீப் வரிசையில் மாட்டிக்கொண்டது. ஒரு கிலோமீட்டர் நடந்தே வந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், மேலே பார்த்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது.

"என்னய்யா இது," என்றார் மெதுவாக. கொஞ்சம் கழித்து, இன்னும் மெதுவாக, "இருந்தாலும் விதி விதிதான். யாராவது அடிபட்டா நான்தான் பதில் சொல்லணும். வெட்டுங்க."

மேற்பார்வையாளர் அரிவாளை எடுத்தார்.

அப்போது சைரன் இல்லாமல் ஓர் ஆம்புலன்ஸ் வந்து ஓரமாக நின்றது.

"பாத்தீங்களா, நான் பயந்தது நடந்துருச்சு," என்றார் பொறியாளர். "எங்கேப்பா, யாருக்கு அடி?"

ஓட்டுநர் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூவை அண்ணாந்து பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். வாரத்துக்கு ரெண்டு பேரையாவது இந்த ரோட்டுலேருந்து அள்ளிட்டுப் போவோம், எல்லாம் ஓட்டும்போதே தூங்கிப்போய் அரளிக்குள்ள வண்டியை விட்டவங்க. இருபது நாளா ஒரு அழைப்பும் வரல. எங்க வேலைக்கு உலை வச்சது எதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."