போஞ்சிப் பாத்தியும் மாத்தளை மாப்பிள்ளையும்

கட்டுகஸ்தோட்டை,
9.12.1979, ஞாயிறு.

அன்புள்ள தம்பி சேதுராமனுக்கு,

பதுளையில் நீயும் புஷ்பமும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமென்று கொன்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கற்பித்தார்கள், ஆகவே விசாரித்துவிட்டேன். என் நலத்தைக் கேட்டிருந்தாய். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. காரணம் பின்னால் வரும். உன் மகள் ஞானேஸ்வரியை வருகிற தை மாதம் மாத்தளைத் தியாகராஜாவின் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடலாமா, அல்லது பேராதனையில் அவளுடைய விவசாய விஞ்ஞானப் படிப்பு முடியும்வரை பொறுப்பதா என்று என் அபிப்பிராயம் கேட்டாய். கட்டிக்கொடுத்துவிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து அவளையும் அவளுடைய சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போ. எனக்கு அலுத்துவிட்டது.

வைத்திய பீடத்துக்குப் புள்ளி போதாமல் விவசாய பீடம் கிடைத்தபோது, "அதுவும் கெம்பஸ்தானே அக்கா, ஒங்க வீட்டுல இருந்து போய் வரட்டும்" என்று நீதான் சொன்னாய். நானும் ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு நுணுக்குக்காட்டி, சுத்தமான ஒரு மேசை என்று கற்பனை செய்துகொண்டேன். மேசை என்னுடையதுதான், அதன்மேல் பத்திரிகையை விரித்து மண் காயவைத்தாள். ஒவ்வொரு ஊர் மண்ணும் தனித்தனிக் குவியல், கலந்துவிடக் கூடாதாம். அத்தனை நாளும் நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். மண் போனதும் பூச்சி வந்தது. விவசாயம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பூச்சிகளைப் பிடித்து, பெயர் எழுதி, பெட்டியில் குத்திக் காட்ட வேண்டுமாம். குத்தும்வரை அவை என் ஃபிரிஜ்ஜில் பட்டர் டின்னுக்குள் இருந்தன. பக்கத்து வீட்டுக் கைரியா கொஞ்சம் பட்டர் கேட்டு வந்தபோது டின்னை அப்படியே நீட்டிவிட்டேன். அவள் போட்ட கூச்சலில் தெருவே வந்து நின்றது. அதற்குப் பிறகு மகாஇலுப்பள்ளத்தில் பண்ணைப் பயிற்சி என்று ஒரு தவணை முழுக்க வெயிலில் கிடந்து, அடிப்பிடித்த பாத்திரம்போலத் திரும்பி வந்தாள். நான் எலுமிச்சம்பழமும் தயிருமாக ஓடினால், "அத்தை, நான் இப்ப ட்ராக்டர் ஓட்டுவேன்" என்கிறாள். பியானோப் பரீட்சையில் தேறிய அன்று நான்கூட அவ்வளவு பெருமையாகப் பேசவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது போஞ்சி, இங்கிலீஷில் பீன்ஸ் என்கிற அதே காய்தான். இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு ஆராய்ச்சி செய்து ஒப்படைத்தால்தான் பட்டம். இவளுடைய ஆராய்ச்சி போஞ்சிச் செடியும் களையும். கெம்பஸில் போட்ட பாத்திகளைக் குரங்கு தின்றுவிட்டதால் என் முற்றத்தைக் கேட்டாள். படலையிலிருந்து வாசல்வரை பாதையின் இரண்டு பக்கமும் கொடுத்தேன். பாதிப் பாத்திகளைத் தானே உட்கார்ந்து களையெடுத்து, படம் வரைந்ததுபோல வைத்திருந்தாள். மீதிப் பாத்திகளைத் தொடவே இல்லை. ஐப்பசி மழைக்குப் புல் இடுப்பளவு வந்துவிட்டது. கைரியா வேலிக்கு மேலால் பார்த்து, "என்னம்மா, கெம்பஸ்ல புல்லு வளக்கவா படிச்சிக் குடுக்குறாங்க? சொன்னா எங்கட ஆட்டக் கொண்டாந்து கட்டுவேனே" என்றாள். நான் மண்வெட்டியைத் தேடுவதைக் கண்டால் ஞானேஸ்வரி, "அந்தப் பக்கம் நீங்க கஷ்டப்படாதீங்க அத்தை" என்பாள். பெரியவளிடம் 'தொடாதே' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானோ என் முழங்காலுக்கு இரங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ பிள்ளையை மரியாதையாக வளர்த்ததன் பலன்.

இந்த நிலையில்தான் தியாகராஜா குடும்பம் வெள்ளிக்கிழமை கண்டியில் கோயிலுக்கு வருவதாகவும், அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போவதாகவும் நீ தகவல் அனுப்பினாய். தாலி இழந்தவள் பெண்பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வரவேற்க நம் சொந்தக்கார இராமையாவையும் அவன் மனைவியையும் அழைத்துவிட்டு நான் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டியவள். நான் நிற்காவிட்டாலும் என் வீடு நிற்கட்டும் என்று நினைத்தேன். ஞானேஸ்வரி காலையில் கெம்பஸ் பஸ் ஏறியதும், காலஞ்சென்ற என் அவருடைய கந்தோர் நாற்காலிக் குஷனை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு புல் விடாமல் பிடுங்கினேன். பாத்திக்குப் பாத்தி தகர அட்டைகள் துருவேறி நின்றன. அவற்றையும் எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அலுமாரியில் அடுக்கிவைத்தேன். எந்தப் பாத்தி எது என்பது அந்த அட்டைகளில்தான் இருந்ததாம். சவர்க்காரத்தோடு அதுவும் போய்விட்டது.

அவர்கள் வந்தார்கள். முற்றம் கோயில் வாசல்போல இருக்கிறது என்று தியாகராஜாவின் மனைவி சொன்னது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. சரியாக அந்த நேரம் உன் மகள் சேற்றுச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி படலையைத் திறந்தாள். சேலை மாற்றப் பின்வழியாக வா என்று நான் ஜன்னலால் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாத்திகளைப் பார்த்தாள். பிறகு பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விருந்தாளிகள் வாசலுக்கு எழுந்து வந்தார்கள், இராமையா ஏதோ சொல்லிச் சமாளித்தான், திரைக்குப் பின்னால் இருக்க வேண்டிய நானும் வெளியே வந்துவிட்டேன். யாரையும் பார்க்காமல் அவள் சொன்னாள்:

"களை இல்லாத போஞ்சி நல்லா காய்க்கும்னு எல்லாருக்கும் தெரியும் அத்தை. களையோட மல்லுக்கட்டுறது எவ்வளவு காய்க்கும்னு பாக்கத்தான் அதை விட்டு வச்சேன்."

பையனின் தாய்க்கு விஷயம் விளங்க வெகுநேரம் ஆகவில்லை. இந்தப் போகம் போய்விட்டது, மறுபடி விதைத்தால்தான் ஆராய்ச்சி, ஆராய்ச்சி இல்லாவிட்டால் பட்டம் இல்லை என்று ஞானேஸ்வரி சொன்னதும், "அதான் எல்லாத்தையும் புடுங்கியாச்சே. இனி எதுக்குப் படிப்பு, பேசாம தையிலேயே வச்சிரலாம்" என்றாள். தியாகராஜா கொஞ்சம் இங்கிதம் உள்ளவர். முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். கன்னொறுவை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் இருக்கிறது, வங்கிகளில் விவசாயக் கடன் பிரிவுக்கு எடுக்கிறார்கள், வானொலியில் விவசாய நிகழ்ச்சிக்குக்கூட ஆள் தேடுகிறார்கள், தனக்கு விருப்பம் கன்னொறுவைதான் என்று ஞானேஸ்வரி பாதையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அப்போது பையன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"எங்க கடை மொட்டமாடியில எடம் இருக்குங்க. நாலு பூச்சட்டி வச்சிக்கலாம்."

நல்ல பையன். குரலில் மரியாதை இருந்தது. மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்பாய். அன்றிலிருந்து அவள் என்னோடு கோபிக்கவுமில்லை. சாப்பிடுங்கள் என்கிறாள், முழங்காலுக்கு எண்ணெய் சூடாக்கித் தருகிறாள், பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இந்த வயதில் இவ்வளவு மரியாதையைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. தையில் நாள் பார். நான் முன்னால் நிற்க முடியாத கலியாணம் என்பதால் எனக்கு வேலையும் குறைவு.

புஷ்பத்துக்கு என் அன்பு. உன் கடையும் குடும்பமும் பெருகட்டும். கதிர்காமத்தான் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பாலாம்பிகை

பி.கு.: மேலே உள்ளது ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இன்று செவ்வாய். நேற்று இதைத் தபால் கந்தோரில் போடப் புறப்பட்டேன், பஸ் வந்தது, ஏறிவிட்டேன், பேராதனையில் போய் இறங்கினேன். அவளுடைய விரிவுரையாளர் சேற்றில் நின்றுகொண்டிருந்த ஒரு இளைஞர். சிஸ்டர்கள் கற்பித்த ஆங்கிலத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டது பெரிய காரியம். சித்திரை மழைக்கு மறுபடி விதைக்கலாம், பட்டம் ஒரு போகம் பிந்தும், அவ்வளவுதான் என்றார். திரும்பவும் நிலம் தருவீர்களா என்று கேட்டார். நிலம் தருகிறேன், என் கையை மட்டும் தரமாட்டேன் என்றேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வராதே. வேன் வேண்டாம். கன்னொறுவையில் உத்தியோகம் ஏற்றபிறகு அவளே மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவாள் என்று மாத்தளைக்கு உன் பெயரால் எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன், இந்நேரம் கிடைத்திருக்கும். உனக்குக் கோபம் வரும். கோபப்படச் சித்திரையில் வா. வரும்போது சேற்றில் உடுக்கப் பழைய சாரம் ஒன்று கொண்டு வா, பாத்தி கட்ட ஆள் வேண்டும். அவள் எங்கே சொல்கிறாளோ அங்கே மட்டும் கை வை.