காவலுக்கு வந்த சிலந்திப் பூ

பொய் சொல்கிறவன் கையில் கடிகாரம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ரோழேயின் பெரியப்பா சொல்வார். இல்லை, கட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொன்னாரோ? அந்த இடம் மட்டும் மறந்துபோயிற்று. மறந்த இடத்தில்தான் ரோழே மாட்டிக்கொண்டார்.

பிரான்சில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊரான தலத்தெருவுக்குத் திரும்பியவருக்கு இருந்தது ஒரே கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்ததும் மனைவி மத்லேனோடு நெரவிக்குப் போக வேண்டும். அங்கே மாமனார் மத்தியூ தனியாக இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மகள் எத்தனை கூப்பிட்டாலும் வந்து தங்க மாட்டார். ஞாயிறு தவறாமல், ஜிபுத்தி பாலைவனத்தில் தன் ஜீப் புதைந்த கதையைச் சொல்வார். ஜீப் மணலை விட்டு வெளியே வர மாலை ஐந்து மணி ஆகும். அடுத்த வாரம் மறுபடி புதையும்.

இனி நெரவி கிடையாது என்று ரோழே சபதம் எடுத்தார். பெங்களூரிலிருந்து மூன்று சிலந்தி ஆர்க்கிட் செடிகளை வரவழைத்தார்.

"இதுங்கள்லாம் கைக்குழந்தை மாதிரி, மத்லேன். விட்டுட்டு எங்கேயும் நகர முடியாது. மூணும் மூணு ரகம்."

"மூணுக்கும் சிலந்தின்னுதானே பேரு?"

"பூ காலை நீட்டிக்கிட்டு இருந்தா அந்தப் பேரை வச்சிடுறாங்க. அரக்னிஸுக்கு வெயில் வேணும். பிராசியாவுக்கு நிழல் வேணும், ரெண்டு மணிக்கொரு தரம் தண்ணி தெளிக்கணும். கலடேனியா ஆஸ்திரேலியாக்காரி. கோடை முழுக்க மண்ணுக்குள்ள கிழங்காத் தூங்குவா."

மத்லேன் மூன்றாவது தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"வெறும் மண்ணால்ல இருக்கு?"

"தூங்குதுன்னேனே."

"எழுந்திருக்குமா?"

"எழுந்திருக்கும்."

"உங்களுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். குழப்பத்தைத்தான் தாங்க முடியவில்லை. பெயர்ச்சீட்டுகள் கழன்று, செடி வந்த பெட்டியின் அடியில் கிடந்தன. இலையுள்ள இரண்டில் எது அரக்னிஸ், எது பிராசியா? படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். படத்தில் பூ இருந்தது, தொட்டியில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் பத்து மணிக்கு வெயிலில் வைத்தார், பதினொன்றுக்கு நிழலுக்குத் தூக்கினார்.

பக்கத்து வீட்டு ஜொஹரா மதில்மேல் தலையை நீட்டினாள். "என்னண்ணே, தொட்டிக்கு வாக்கிங்கா?"

அன்று சாயங்காலம் மத்லேன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

"பத்து மணிக்கு யாருக்குத் தண்ணி?"

"பிராசியாவுக்கு."

"அது எது?"

"இடது பக்கம்."

"நேத்து வலதுன்னீங்க?"

"நேத்து நான் அந்தப் பக்கம் நின்னேன்."

"சரி. ராத்திரி?"

"ராத்திரியும் பாக்கணும். எறும்பு வரும்."

"ஒரு ஆளால முடியுமாங்க?"

"அதைத்தானே சொல்றேன்! ஆளே பத்தாது."

"எத்தனை நாளைக்கு?"

"பூக்கிற வரைக்கும். ரெண்டு வருஷம்கூட ஆகும்."

மத்லேன் பேப்பரை மடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் மட்டும் நெரவிக்குப் போனாள். ரோழே சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார். அப்படி ஒரு தூக்கம், கலடேனியாகூடத் தூங்கியிருக்காது.

கார் ஹாரன் எழுப்பியது. இரும்புப் பெட்டி இறங்கியது. மடக்குக் கட்டில் இறங்கியது. கழுத்தில் விசிலோடு மாமனார் இறங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, ஆளே பத்தலையாமே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரோழே அடுக்களைக்கு ஓடினார். "என்ன மத்லேன் இது?"

"நாலு வருஷமாக் கூப்பிடுறேன். மக வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். போன மாசம் கெணத்தடியில விழுந்ததைக்கூட என்கிட்ட மறைச்சிட்டாரு. இன்னிக்கு இந்தப் பேப்பரைக் காட்டினேன். ட்யூட்டின்னதும் அரை மணியில பெட்டியைக் கட்டிட்டாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் உங்களாலதாங்க."

ரோழே கொல்லைப் பக்கம் நழுவினார்.

கொல்லையில் மாமனார் அந்தப் பேப்பரைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, வெறும் மண்ணாக இருந்த தொட்டியின் பக்கத்தில் கட்டிலை விரித்தார்.

"சத்தம் போடாம உக்காருங்க மாப்பிள்ளை. இவ தூங்குறா." குரலை ரொம்பவும் தாழ்த்தினார். "அன்னிக்கு ஜிபுத்தியில பாருங்க, ஜீப்பு..."

ஜீப் இப்போது தினமும் புதைந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மாமனாரின் பூட்டிக் கிடந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ரோழே தனியாக நெரவிக்குப் புறப்பட்டார்.